பரீட்சைக்கு வைத்திருந்த பல்

பல் வலிக்கிறவன் பல் ஆஸ்பத்திரிக்குப் போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வலி தாங்காமல் போவான், பிடுங்கிக்கொண்டு வருவான், கொஞ்ச நாள் மற்றப் பக்கத்தால் மெல்லுவான், மறந்துவிடுவான். நான் வலிக்காத பல்லோடு போனேன். வந்த வினை எல்லாம் அதனால்தான்.

வலி என் மனைவிக்கு. கடைவாய்ப் பல். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டில் யாரையும் வாய் திறக்க விடாமல் இருந்தாள். அவளைப் பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். அவளை உள்ளே கூப்பிட்டதும், அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'வலி வந்தபின் வருபவர் நோயாளி. வலி வருமுன் வருபவர் அறிவாளி.' நான் இரண்டும் இல்லை. என் மச்சான் நடத்தும் பேண்டில் ட்ரம்பெட் ஊதுகிறவன். என் மனைவிக்குத் துணையாக வந்தவன். அப்படித்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் தாழ்வாரத்தில் வந்தாள். தடிமனான கண்ணாடி. அவளுடைய கூட்டாளிகள் அவளை சோடாபுட்டி என்றுதான் கூப்பிட்டார்கள், அவளும் அதற்குத்தான் திரும்பினாள். பெஞ்சில் இருந்தவர்களின் வாயை, காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவர் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றாள்.

"அண்ணா, கொஞ்சம் சிரிங்க."

"எதுக்கும்மா?"

"சும்மாதான்."

சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

"உள்ள வாங்கண்ணா. ஒரு தடவை பாத்துடலாம்."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் கூட வந்தவன்."

"ஒண்ணும் இல்லாதவங்களைத்தான் பாக்கணும். வழக்கமான பரிசோதனை. வலிக்கவே வலிக்காது."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான் என்று சொல்வார்கள். நான் கைப்பையோடு எழுந்து போய்க் கொடுத்தேன்.

நாற்காலி தானாகப் படுத்துக்கொண்டது. முகத்துக்கு மேலே விளக்கு எரிந்தது. வாய்க்குள் சின்னக் கண்ணாடி ஒன்றும் கொக்கி ஒன்றும் போயின. அவை உள்ளே போன பிறகுதான் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். அதுவரை வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. "என்ன வேலை பாக்கறீங்க?" என்றாள். "ஆ," என்றேன். "எத்தனை குழந்தைங்க?" "ஆ." "குழந்தைங்களுக்கும் பல் நல்லா இருக்கா?" எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதையும் "ஆ" என்றுதான் சொல்ல முடிந்தது. பக்கத்தில் இருந்த நெட்டையான பையன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொண்டான்.

பிறகு ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்கு," என்றாள். "இதுவும் நல்லா இருக்கு." ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு கம்பியை விட்டு ஆழம் பார்த்தாள். அதுவும் நன்றாகவே இருந்தது. என் பல் நன்றாக இருக்க இருக்க அந்தப் பெண்ணின் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசிப் பல்லுக்கு வரும்போது கிட்டத்தட்ட அழுகிற நிலைமை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு தூரம் பார்த்தாளே, ஒன்றாவது கெட்டிருக்கக் கூடாதா என்று தோன்றியது.

"எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாமே," என்றான் நெட்டையன்.

என் மேல் ஒரு கனமான ஈய அங்கியைப் போர்த்தினார்கள். ஓரம் கூரான ஒரு சின்ன அட்டையை வாய்க்குள் வைத்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அது அண்ணத்தில் குத்தியது. "ஒண்ணுமே ஆகாதுண்ணா. வெயில்ல கொஞ்ச நேரம் நிக்கிற மாதிரிதான்," என்று சொல்லிவிட்டு எல்லோரும் தடிச் சுவருக்குப் பின்னால் ஓடிப் போனார்கள். வெயிலுக்கு இவ்வளவு பயப்படுகிறவர்களை நான் பார்த்ததே இல்லை.

படம் திரையில் வந்தது. சோடாபுட்டி பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். நெட்டையன் பேனாவைக் கீழே போட்டான். யாரோ வெளியே ஓடினார்கள். நான் அங்கிக்கு அடியில் படுத்துக்கொண்டு, சரி, நம்ம கதை முடிஞ்சுது என்று நினைத்தேன்.

அறை நிறைய மாணவர்கள் வந்து நின்றார்கள். பின்னாலேயே துறைத்தலைவர் வந்தார். வழுக்கைத் தலை, கணீர்க் குரல். என்னைப் பார்க்கவில்லை. நேராகத் திரைக்குப் போனார்.

"அடடா," என்றார். "எல்லாரும் கிட்ட வாங்க. மேல் வரிசை முன்பல். ரெண்டு பல்லும் ஒட்டற இடத்துல பாருங்க. கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியில தெரியாது. அவருக்கே தெரியாது. எவ்வளவு அளவான சொத்தை! பெரிசும் இல்ல, சின்னதும் இல்ல. விளிம்பு பாருங்க, வரைஞ்ச மாதிரி. பாடப் புத்தகத்துல போட்டிருக்கிறவனுக்குக்கூட இப்படி ஒண்ணு கிடைச்சிருக்காது."

கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் ட்ரம்பெட்டுக்குக்கூட இப்படிக் கைதட்டு விழுந்ததில்லை.

"சார்," என்றேன். "அப்போ அதை அடைச்சு விட்டுருங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

கோயிலில் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அடைக்கிறதா?" என்றார் துறைத்தலைவர். "இதையா? இன்னிக்கேவா?"

பிறகு விளக்கினார். கடைசி வருஷ மாணவர்கள் வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் ஒரு பல்லை அடைத்துக் காட்ட வேண்டும். அதுதான் பரீட்சை. ஊரில் சொத்தைப் பல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எல்லாம் அளவு தப்பிய சொத்தை. பரீட்சைக்கு ஏற்ற அளவில் கிடைப்பது குதிரைக் கொம்பு. அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் யாரும் தொடக் கூடாது. பரீட்சை நாள்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

"சார், நான் ட்ரம்பெட் ஊதறவன். வாய்ல வெச்சு அழுத்தும்போது தாங்கறது இந்த ரெண்டு பல்லுதான். இதுதான் எனக்குச் சோறு போடுது."

"ரொம்ப நல்லது. அப்போ பத்திரமா பாத்துப்பீங்க," என்றார்.

என்னை யாருக்கு ஒதுக்குவது என்று அங்கேயே சீட்டுக் குலுக்கினார்கள். சோடாபுட்டிக்கு விழுந்தேன். நெட்டையன் சுவரில் சாய்ந்துகொண்டு, "எனக்கு அதிர்ஷ்டமே கிடையாதுடா," என்றான். சோடாபுட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். போன தடவை அவளுடைய நோயாளி பரீட்சையன்று வரவில்லை. கொழுந்தியாள் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டாராம். அதனால் அவள் பெயில்.

"அண்ணா, நீங்க மட்டும் வந்துருங்கண்ணா. அடுத்த மாசம்தான். நான் உங்க தங்கச்சி மாதிரி."

கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கண்ணீரைப் பார்த்தால் ஆகாது. வாக்குக் கொடுத்துவிட்டேன். வெளியே வந்தால், பல்லைப் பிடுங்கிவிட்டு வாயில் பஞ்சோடு என் மனைவி அவளுடைய கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து சோடாபுட்டி எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். காலையில் நான் பல் தேய்க்கும்போதே வந்து நிற்பாள். இனிப்பு சாப்பிட்டால் சொத்தை பெரிதாகிவிடும், அதனால் கூடாது. மருந்து கலந்த பற்பசையால் தேய்த்தால் அது ஆறிவிடக்கூடும், அதனால் அதுவும் கூடாது. வளரவும் கூடாது, ஆறவும் கூடாது, அவ்வளவுதான்.

"மாப்பிள்ளை பாத்து நிச்சயம் பண்ணின பொண்ணைக்கூட இப்படி யாரும் காவல் காக்க மாட்டாங்க," என்றாள் என் மனைவி. ஆனால் சோடாபுட்டிக்குக் காபி போட்டுக் கொடுக்கத் தவறவில்லை.

வாராவாரம் எக்ஸ்ரே. நலமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். பல்லை அல்ல, சொத்தையை. "நம்ம கல்யாணத்துக்குக்கூட உங்களை இத்தனை போட்டோ எடுக்கலீங்க," என்றாள் மனைவி. ஜூனியர் மாணவர்களை வகுப்போடு கூட்டி வந்து காட்டினார்கள். வரிசையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தேங்க்ஸ் சார் என்று என் வாய்க்குள்ளே சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு நாள் யாரென்று சொல்லாமல் ஒரு பெட்டி நிறைய ஒட்டுமிட்டாய் வீட்டுக்கு வந்தது. சோடாபுட்டி பெட்டியைப் பார்த்ததுமே முகம் சிவந்தாள்.

"நெட்டையன் வேலைண்ணா இது. அவனுக்கு இன்னும் கேஸ் கிடைக்கல. எனக்கும் இருக்கக் கூடாதுங்கற நல்லெண்ணம்."

மிட்டாயை என் மனைவி வீணாக்காமல் தானே சாப்பிட்டாள். மறுவாரமே நெட்டையன் வீட்டுக்கு வந்து, அவளுடைய வாயைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று பணிவாகக் கேட்டான். கதவைச் சாத்தினாள்.

அடுத்த மாதம் வந்தது. பரீட்சை வரவில்லை. தேர்வாளருக்குத் திடீரென்று பல்வலியாம். அவர் அந்தப் பல்லை அன்றைக்கே அடைத்துக்கொண்டார் என்று சோடாபுட்டி ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். அதற்கு அடுத்த மாதம் பரீட்சைக் கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். மேலிடத்திலிருந்து யாரோ பார்வையிட வருகிறார்களாம். அவர்கள் வரவில்லை. வெள்ளை மட்டும் காய்ந்தது. அதற்கப்புறம் தேதி போட்டு, தேதியை மாற்றி, மாற்றின தேதியையும் தள்ளி வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் சோடாபுட்டி வந்து, "இன்னும் கொஞ்ச நாள்தான்ண்ணா, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க," என்பாள். உடனே, "ஐயோ, நிஜமா கடிச்சுராதீங்க," என்பாள்.

இதற்குள் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. பிறகு காற்றுப் பட்டாலே சுரீர் என்றது. ட்ரம்பெட்டை உதட்டில் வைத்து அழுத்தி மேல் ஸ்தாயிக்கு ஏறினால், அந்த இரண்டு பல்லுக்கும் நடுவிலிருந்து மண்டை வரைக்கும் ஒரு கம்பியை இழுத்து விடுவதுபோல் இருந்தது. ஒரு கல்யாண ஊர்வலத்தில், பாட்டின் உச்சியில், எல்லோரும் தலையை நிமிர்த்திக் கேட்கிற இடத்தில், என் ட்ரம்பெட்டிலிருந்து ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மணமகன் திரும்பிப் பார்த்தான்.

மச்சான் ஊர்வலம் முடிகிறவரை பொறுத்திருந்தார். என் மனைவியின் அண்ணன்தான் என்றாலும், பேண்டு விஷயத்தில் அவருக்கு உறவு கிடையாது.

"மாப்ளே, மேல போற எடத்துல என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல மச்சான். தொண்டை."

"ட்ரம்பெட்டுக்குத் தொண்டை எதுக்கு? பல்லுதானே? என் தங்கச்சி எல்லாம் சொன்னா. பல்லைச் சரி பண்ணிக்கோ. இல்லன்னா பெரிய டிரம்முக்குப் போயிடு. அதை அடிக்கப் பல்லு வேண்டியதில்ல."

பதினாறு வயதில் பிடித்த ட்ரம்பெட். எனக்கு வேறு எதுவும் தெரியாது. வீட்டில் நான் ஊதிப் பழகும்போது என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் உட்காருவாள். வாக்காவது மண்ணாவது என்று அன்றைக்கே தெருமுனையில் இருக்கும் பல் டாக்டரிடம் போனேன்.

அவர் வாயைப் பார்த்தார். படம் எடுத்தார். படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"இது... அந்தப் பல்லா?"

"எந்தப் பல்லு?"

"எங்க வாத்தியாரோட பல்லு. அவர் பழைய மாணவர்கள் எல்லாருக்கும் படம் அனுப்பியிருந்தாரே! நேர்ல பாப்பேன்னு நினைக்கவே இல்ல."

"அது என் பல்லு டாக்டர். வலிக்குது. அடைச்சு விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நானா? அவர் கேஸ்லயா?" என்று அவர் காதைப் பிடித்துக்கொண்டார். "என்னை வளர்த்து ஆளாக்கினவர். உக்காருங்க, தேநீர் சொல்றேன்."

தேநீர் வந்தது. சூடாக இருந்ததால் பல்லில் பட்டு உயிர் போயிற்று. அதை நான் ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, அடுத்த அறையில் அவர் தொலைபேசியில், "ஆமா சார், இங்கதான் சார் இருக்கார். தொடவே இல்ல சார்," என்று சொல்வது கேட்டது. தேநீர் குடித்து முடிப்பதற்குள் சோடாபுட்டியும் நெட்டையனும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். சந்தையில் தொலைந்த மாட்டைப் பிடித்துப் போகிற மாதிரி தெருவெல்லாம் பார்க்க என்னை அழைத்துப் போனார்கள்.

"அண்ணா, இப்படிப் பண்ணலாமா?" என்று சோடாபுட்டி அழுதாள். "நான் உங்களை எவ்வளவு நம்பினேன்!"

நானும் அழுதேன். அவள் அது பாசத்தால் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் பரீட்சை வந்தேவிட்டது. புது வெள்ளையடித்த கூடம், வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் வாயைத் திறந்துகொண்டு ஒருவர். சோடாபுட்டி இஸ்திரி போட்ட கோட்டில் என் பக்கத்தில் நின்றாள். தேர்வாளர் வந்தார். கூடவே துறைத்தலைவர், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி சிரித்துக்கொண்டு. "சார், இதைத்தான் உங்களுக்குன்னு வெச்சிருந்தோம்," என்றார்.

தேர்வாளர் அன்றைய எக்ஸ்ரேயைப் பார்த்தார். கண்ணாடியையும் கொக்கியையும் என் வாய்க்குள் விட்டார். நெற்றியைச் சுருக்கினார்.

"இது அடைக்கிற கேஸ் இல்லையே. நரம்பு வரைக்கும் போயிடுச்சு. இவ்வளவு தூரம் யார் விட்டது?"

துறைத்தலைவர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை.

"நோயாளிங்கதான் சார். ஆரம்பத்துலயே வந்தா நாம சுலபமா காப்பாத்திடலாம். வர மாட்டேங்கறாங்க. மக்கள்கிட்ட விழிப்புணர்வே இல்ல. நாமளும் சுவர் சுவரா எழுதி வைக்கறோம்."

தேர்வாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கண்ணாடியும் கொக்கியும் இன்னும் என் வாய்க்குள்தான் இருந்தன.

"ஏன்யா, முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"

"ஆ! ஆ ஆ!" என்றேன்.

"பாத்தீங்களா? பதில் சொல்லத் தெரியல," என்றார் துறைத்தலைவர்.

சோடாபுட்டி திடீரென்று, "சார், நாமதான் சார் வெச்சிருக்கச் சொன்னோம்," என்றாள். சின்னக் குரல்தான். ஆனால் சொல்லிவிட்டாள். எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

துறைத்தலைவர் அவளை அன்போடு பார்த்தார். "உனக்கு இன்னும் வாய்மொழித் தேர்வு முடியல இல்லம்மா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவசரமாகத் தாழ்வாரத்துக்கு ஓடி, பேரனுக்குத் துணைக்கு வந்திருந்த ஒரு தாத்தாவைச் சிரிக்க வைத்து அழைத்து வந்தாள். அவர் பல்லை அடைத்து பாஸ் பண்ணிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நெட்டையனும் பாஸ்.

என்னை அப்படியே எழுப்பி, வேர் சிகிச்சைத் துறைக்கு அனுப்பினார்கள். நரம்பை எடுத்துவிட்டுப் பல்லைக் காப்பாற்றும் துறை அது. அங்கே இருந்த டாக்டர் என் படத்தைப் பார்த்துக் கண் மலர்ந்தார்.

"ரொம்ப நல்ல கேஸ். வேர் எவ்வளவு நேரா இருக்கு பாருங்க! எங்க பரீட்சை மழைக்காலம் முடிஞ்சதும் வருது. அதுவரைக்கும்..."

அதற்கு மேல் நான் நின்று கேட்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன். ஓடி என்ன செய்ய? ஊரில் இருக்கிற பல் டாக்டர்கள் எல்லோரும் அந்தத் துறைத்தலைவரின் பழைய மாணவர்கள். சில நாளில் மேலுதடு வீங்கி, மூக்குவரை ஏறியது. காய்ச்சல். கண்ணைத் திறக்க முடியவில்லை. மனைவி என்னைத் தூக்காத குறையாகத் திரும்பவும் அதே கட்டடத்துக்குக் கொண்டுபோனாள். வேர் சிகிச்சைத் துறையில் கெஞ்சினாள். "பரீட்சைக்கு முன்னாடி தொடறதில்லம்மா. அவசரம்னா பிடுங்கற இடத்துக்குப் போங்க," என்றார்கள்.

பிடுங்குகிற இடத்தில் மட்டும் காத்திருக்கவே வேண்டியதில்லை. யார் பிடுங்குவது என்று மாணவர்கள் போட்டி போட்டார்கள். "இது அவருக்கு ட்ரம்பெட் ஊதற பல்லுங்க," என்று என் மனைவி சொல்லி முடிப்பதற்குள் அது வெளியே வந்துவிட்டது. என் கையில் கொடுக்கவில்லை. தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

பொய்ப்பல் கட்டிக்கொண்டு ஊதிப் பார்த்தேன். ஒரு கடைத் திறப்பு விழாவில் பாட்டின் நடுவில் கழன்று ரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த டிரம்காரர் மிதித்துவிட்டார். மச்சான் அன்றைக்குச் சாயங்காலம் டிரம்காரரிடமிருந்து பெரிய டிரம்மை வாங்கி என் கழுத்தில் மாட்டிவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ட்ரம்பெட்டைத் தன் சித்தப்பா மகனுக்குக் கொடுத்தார். என் மனைவி இப்போது மாலையில் வாசற்படிக்கு வருவதில்லை. டிரம்மை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

போன வாரம் மச்சானுக்கு ஒரு பேண்டு வாசிப்பு கிடைத்தது. எங்கே என்று சொல்லாமல்தான் என்னை அழைத்துப் போனார். பல் மருத்துவக் கல்லூரி வாசலில் பந்தல். பல் பாதுகாப்பு விழா. ஊரே வந்திருந்தது. என் மனைவியும் வந்திருந்தாள். மேடைக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு ஒரு படம். மேல் வரிசை முன்பல், இரண்டும் ஒட்டுகிற இடத்தில் அந்தச் சின்னக் கறுப்பு நிழல். என்னுடைய முதல் எக்ஸ்ரே. கீழே, 'ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தோம்' என்று எழுதியிருந்தது.

துறைத்தலைவர் பேசினார்.

"இந்தப் பல்லுக்குச் சொந்தக்காரருக்கு வலி கிடையாது. வேற ஒருத்தருக்குத் துணையா வந்தவர். நம்ம மாணவர்கள் விடல. பாத்தாங்க. எக்ஸ்ரே எடுத்தாங்க. கண்ணுக்கே தெரியாததைக் கண்டுபிடிச்சாங்க! எதுக்காகச் சொல்றேன்? வலி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. எல்லாரும் வாங்க. சும்மா இருக்கும்போதே வாங்க."

கைதட்டு நிற்கும்வரை பொறுத்திருந்து, பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்து நின்றாள். சபையில் ஒரு வார்த்தை பேசாதவள்.

"சார், அந்தப் பல்லு இப்ப எப்படி இருக்கு?"

துறைத்தலைவருக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. முகமெல்லாம் மலர்ந்தது.

"நல்ல கேள்விம்மா. பத்திரமா இருக்கு. எங்க காட்சிக்கூடத்துல, கண்ணாடிப் புட்டியில போட்டு வெச்சிருக்கோம். வாய்க்குள்ள இருந்தா ஒரு பக்கம்தான் தெரியும். இப்ப சுத்திச் சுத்திப் பாக்கலாம். இனிமே அதுக்கு ஒரு கெடுதலும் வராது."

முன்னதைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். என் மனைவி உட்காரவில்லை. நின்றபடியே என்னைப் பார்த்தாள். எனக்கு வந்தது ஆத்திரமா அழுகையா என்று தெரியவில்லை. மச்சான் கையை உயர்த்தினார். பேண்டு ஆரம்பித்தது. சித்தப்பா மகன் மேல் ஸ்தாயிக்குச் சுத்தமாக ஏறினான். நான் ஏறுகிற இடம் அது. நான் டிரம்மை அடித்தேன். தோல் கிழியட்டும், கட்டை முறியட்டும், மேடையே இடிந்து விழட்டும் என்று அடித்தேன்.

பாட்டு முடிந்ததும் துறைத்தலைவர் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். அடையாளம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். என் வாயைப் பார்க்கவே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் அவருக்கு நான் யாரோ.

"பிரமாதமா அடிக்கறீங்க," என்று என் வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு பலம்! வலி ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்."

"இல்லைல்ல? அப்போ நாளைக்கே போய் எலும்பு ஆஸ்பத்திரியில ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க. அங்க துறைத்தலைவர் என் நண்பர்தான். சொல்லி வைக்கறேன்."

நான் அந்தக் கையைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.